அக்காவைப் பார்த்து எழுதிய நாயகி

"உம்மட கதாநாயகிக்கு ஒருநாளும் தும்மல் வராதோ?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கட்டுகஸ்தோட்டையில் நாங்கள் இருவரும் வாடகைக்கு இருந்த மேல்மாடி அறையில், ஈரத்தலையைத் துவாயால் சுற்றிக்கொண்டு கட்டிலில் சாய்ந்திருந்த அக்கா என் போனைத் திருப்பித் தந்தபடி இப்படிக் கேட்டார். அந்தப் போனில் நான் எழுதத் தொடங்கியிருந்த முதல் காதல் தொடர்கதையின் மூன்று அத்தியாயங்கள் இருந்தன. கதை வாசிக்கும் செயலி ஒன்றில், புனைபெயரில், வாரம் இரண்டு முறை அதைப் போட்டுக்கொண்டிருந்தேன். என் நாயகி விடியற்காலையில் எழும்பும்போதே தலை கலையாமல் எழும்புவாள். மழையில் நனைந்தால் இன்னும் அழகாவாள். யார் என்ன சொன்னாலும் பொறுத்துக்கொண்டு கண் கலங்குவாள். "அழுதால் மூக்கு வழியிறேல்லையோ அவளுக்கு?" என்று அக்கா மறுபடியும் கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. "வாசிக்கிறவங்களுக்கு அழகா இருந்தாதானே அக்கா பிடிக்கும்" என்றேன். "அப்பிடியோ" என்று சொல்லிவிட்டு, துவாயை அவிழ்த்து என் பக்கமாகவே தலையை உதறினார். போன் கண்ணாடியெல்லாம் தண்ணீர்.

அவர் என் கூடப்பிறந்த அக்கா இல்லை. நான் ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஒரு ஆய்வுகூடத்தில் உதவியாளராக வேலை கிடைத்து வந்தவள். அக்கா யாழ்ப்பாணத்துக்காரர், கண்டி நகரத்தில் ஒரு அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞர். வீட்டுக்கார உம்மா மேல் அறையை இரண்டு பெண்களுக்கு மட்டும்தான் கொடுப்பேன் என்று சொன்னதால், முன்பின் தெரியாத நாங்கள் ஒரே அறைக்கு வந்து சேர்ந்தோம். நான்கு வருடம் அங்கே இருந்தோம்.

அக்காவுக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. வீட்டுக்கார உம்மாவிடம் முப்பத்துமூன்று என்று சொல்லியிருந்தார். முன்பற்கள் இரண்டும் உதட்டைத் தாண்டி வெளியே தெரியும். சிரிப்பு வந்தால் கை தானாக வாய்க்குப் போய்விடும். உடம்பு கனத்தது. படியேறி வந்தால் இரண்டு நிமிடத்துக்குப் பேசமாட்டார். இவையெல்லாம் பார்த்தவுடன் தெரிபவை. கூட இருந்தால்தான் தெரிபவை வேறு. நான் தோட்டத்திலிருந்து கொண்டுவரும் தேயிலைத்தூளை என்னிடம் கேட்காமல் எடுப்பார், எடுக்கவில்லை என்று கண்ணைப் பார்த்துச் சொல்லுவார். தன் சீனிப் போத்தலை மட்டும் ஒளித்து வைப்பார். யாருக்காவது கல்யாணம் நிச்சயமானால் ஒரு நாள் முழுக்க முகம் கொடுத்துப் பேசமாட்டார். சின்னச் சின்னப் பொய்களை மூச்சு விடுவது போலச் சொல்லுவார். அதே அக்கா, எனக்குக் காய்ச்சல் வந்த பத்து நாளும் விடியற்காலையில் எழும்பிக் கஞ்சி வைத்து, ஊதி ஊதிக் கொடுத்துவிட்டு, கந்தோருக்குப் பிந்திப் போய் ஏச்சு வாங்கினார். அந்தக் கஞ்சியைப் பற்றி ஒரு வார்த்தை பிறகு பேசியதில்லை.

ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறை நாளில் நான் சந்தையிலிருந்து மாம்பழம் வாங்கி வந்து வெட்டி வைத்தேன். அக்கா தட்டைத் தள்ளி வைத்தார். நான் வற்புறுத்தினேன். பிறகு, நான் கேட்காமலேயே சொல்லத் தொடங்கினார்.

ஐந்து வருடத்துக்கு முந்தி, வவுனியாவில் ஒரு கந்தோரிலிருந்து சில கோப்புகள் இவருடைய மேசைக்கு வருமாம். அந்தக் கோப்புகளைப் பற்றிக் கேட்க அங்கிருந்து ஒருவர் போன் எடுப்பார். கோப்பு முடிந்த பிறகும் போன் முடியவில்லை. இரண்டு வருடம் பேசியிருக்கிறார்கள். நேரில் ஒரு தடவையும் பார்க்கவில்லை. அவர் படம் கேட்டபோது அக்கா தன் தங்கையின் படத்தை அனுப்பினார். தங்கை அப்போது பேராதனையில் படித்துக்கொண்டு அக்காவோடு ஒரே அறையில் இருந்தாள்.

"ஒரு நாள் உண்மையைச் சொல்லலாம் எண்டு நினைச்சனான் பிள்ளை. ஒவ்வொரு நாளும் அடுத்த நாளாகிப் போச்சு" என்றார் அக்கா.

ஒரு சனிக்கிழமை அவர் பார்க்க வருவதாகச் சொன்னார். கண்டி ஸ்டேஷன் என்றால் தெரிந்தவர்கள் காண்பார்கள் என்று அக்கா பேராதனைச் சந்தி ஸ்டேஷனைச் சொன்னார். அங்கே எதிர்ப்பக்க மேடையில், பதுளை ரயிலுக்கு நிற்கும் ஆள் மாதிரி, குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். வவுனியாக்காரர் ரயிலில் வந்து இறங்கினார். கையில் ஒரு துணிப்பை. மேடையிலிருந்த மர வாங்கில் உட்கார்ந்தார், எழும்பினார், நடந்தார், திரும்ப இருந்தார். அக்காவின் கைப்பைக்குள் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது.

"அவர் என்னைப் பாத்தவர். ரெண்டு தரம் பாத்தவர். பாத்திட்டு அங்கால பாத்தார். அவர் தேடின முகம் என்ர இல்லையே."

திரும்பிப் போவதற்கு இருந்த முதல் ரயிலை அவர் விட்டுவிட்டார். இரண்டாவதில் ஏறினார். துணிப்பை வாங்கிலேயே இருந்தது. மறந்துபோய் விடவில்லை, ஏறுவதற்கு முந்தி அதைக் கையால் தடவி நேராக வைத்துவிட்டுத்தான் போனார் என்று அக்கா சொன்னார். ரயில் போன பிறகு மேடையைக் கடந்து போய்ப் பையை எடுத்திருக்கிறார். உள்ளே ஆறு மாம்பழங்கள். கறுத்தக்கொழும்பான் இனம்.

"அறைக்குக் கொண்டுபோய்க் கதவைப் பூட்டிப்போட்டு ஆறையும் நானே திண்டனான். தங்கச்சி வெளியில நிண்டு தட்டினவள். அவளுக்கு ஒரு துண்டு குடுக்கேல்லை. அவளின்ர முகத்துக்கு வந்த பழம் எண்டு எனக்கு அவ்வளவு ஆத்திரம்."

அதற்குப் பிறகு போன் இலக்கத்தை மாற்றினார். கந்தோருக்கு அழைப்பு வந்தால் இடமாற்றம் கிடைத்துப் போய்விட்டதாகச் சொல்லும்படி பக்கத்து மேசைக்காரியிடம் சொல்லி வைத்தார். சில மாதங்களில் அழைப்பு நின்றுபோனது. சொல்லி முடித்ததும் வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தார். பிறகு, "இதை ஒருத்தருக்கும் சொல்லாதேயும்" என்றார். "சத்தியமா சொல்லமாட்டேன் அக்கா" என்றேன்.

யாரிடமும் சொல்லவில்லை. எழுதினேன். அடுத்த தொடரை அந்த மாதமே தொடங்கிவிட்டேன்.

பஸ்ஸில் இருந்துகொண்டு போனில் எழுதுவேன். கட்டுகஸ்தோட்டையில் ஏறி, நகரத்தில் மாறி, பேராதனையில் இறங்கும்போது ஒரு காட்சி முடிந்திருக்கும். இந்த நாயகி பொய் சொன்னாள். பொறாமைப்பட்டாள். சீனிப் போத்தலை ஒளித்து வைத்தாள். தும்மினாள். முந்தைய கதைக்கு வாரத்துக்கு நாற்பது ஐம்பது பேர் வருவார்கள். இதற்கு வந்தவர்களின் தொகை எனக்குப் பயத்தையே உண்டாக்கியது. அலவத்துகொடையிலிருந்து ஒரு தாய், பிள்ளைகள் குர்ஆன் ஓதப் போயிருக்கும் நேரத்தில் வாசிப்பதாகச் சொல்லி, "இந்தப் புள்ள அப்படியே என்னப் போல இரிக்கி" என்று எழுதினார். ஒரு ஆசிரியை, தானும் மாப்பிள்ளை வீட்டாரிடம் வயதைக் குறைத்துச் சொன்னதை இன்றுவரை கணவரிடம் சொல்லவில்லை என்று எழுதினார். முகம் தெரியாத பெண்கள் தங்கள் அலுமாரிகளை எனக்கு முன்னால் திறந்து காட்டினார்கள். அழகான நாயகியை அவர்கள் தூரத்திலிருந்து பார்த்தார்கள். இவளோடு சண்டை பிடித்தார்கள், இவளுக்காகப் பயந்தார்கள். இவளை ஒருவன் விரும்பினால் தங்களையும் ஒருவன் விரும்பலாம் என்பது அவர்கள் வாய்விட்டுச் சொல்லாத கணக்கு. அது எனக்கு நன்றாக விளங்கியது. விளங்கியதால்தான் நான் பிழைவிட்டேன்.

அக்காவின் குறைகளை எல்லாம் நான் எடுக்கவில்லை. மன்னிக்கக்கூடியதை மட்டும் எடுத்தேன். துருத்திய பற்களைச் சின்ன இடைவெளியாக்கினேன். வயதை இருபத்தொன்பதாக்கினேன். ஸ்டேஷனை எழுதினேன், எதிர்ப்பக்க மேடையை எழுதினேன், வாங்கில் நேராக வைக்கப்பட்ட மாம்பழப் பையையும் எழுதினேன். அவள் பழங்களை எடுத்துப்போய்த் தங்கைக்கும் கொடுக்காமல் தின்றதை மட்டும் எழுதுவதில்லை என்று முதலிலேயே முடிவு செய்திருந்தேன். அதை எழுதினால் வாசகிகளுக்கு அவளைப் பிடிக்காமல் போகும் என்று நினைத்தேன். பத்தொன்பதாம் அத்தியாயம், அவன் ரயில் ஏற, பை வாங்கில் கிடக்க முடிந்தது. அடுத்த அத்தியாயத்தில் ரயிலிலிருந்து குதித்துத் திரும்பி வந்து அவள் குரலை வைத்தே அவளைக் கண்டுபிடிப்பான். எல்லாம் தீர்மானித்து வைத்திருந்தேன்.

அந்த அத்தியாயம் வெளிவந்த மறுநாள் மத்தியானம், ஆய்வுகூடத்தில் குழாய்களைக் கழுவிக் காயவைத்துவிட்டுப் போனைப் பார்த்தேன். வவுனியாவிலிருந்து ஒரு வாசகி தனிச் செய்தி அனுப்பியிருந்தார். தன் அண்ணாவுக்குச் சிறுநீரகம் பழுதாகி, கிழமைக்கு இரண்டு தரம் இரத்தம் சுத்தப்படுத்தக் கூட்டிப்போவதாகவும், அந்த நான்கு மணித்தியாலமும் பொழுதுபோக என் கதையை வாசித்துக் காட்டுவதாகவும் எழுதியிருந்தார். கடைசியில் இப்படி இருந்தது: "நேற்று ஸ்டேஷன் வாசித்தவுடன் அண்ணா நிப்பாட்டச் சொன்னவர். பேந்து ரெண்டு விஷயம் உங்களிட்டக் கேட்கச் சொன்னவர். அவ அங்க வந்தவவா? அந்த மாம்பழத்தை ஆர் எடுத்தது?"

அக்கா சொன்ன வவுனியாக்காரர்தான் இந்த அண்ணா. அதை எத்தனை தரம் வாசித்தேன் என்று தெரியாது. செய்ய வேண்டியது ஒன்றுதான்: அன்று மாலை அறைக்குப் போய் அக்காவிடம் காட்ட வேண்டும். காட்டினால் கதையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொன்னால் நிறுத்தச் சொல்லுவார். இன்னும் ஐந்து அத்தியாயம் இருந்தது. நூற்றுக்கணக்கான பெண்கள் அவன் திரும்பி வருவானா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நான் பதில் எழுதினேன். "அன்புக்கு நன்றி. இது முழுக்கக் கற்பனைக் கதை."

மறுபக்கத்திலிருந்து ஒரு வரி வந்தது. "சரி அக்கா, அண்ணாட்டச் சொல்லுறன்."

அதற்குப் பிறகான மூன்று வாரம் அக்காவோடு ஒரே அறையில் எப்படி இருந்தேன் என்று இப்போது யோசித்தாலும் தெரியவில்லை. அவர் என் முதுகுப்பக்கம் நடந்தாலே போனைக் கவிழ்த்து வைப்பேன். அவர் பாத்திரம் கழுவும் சத்தத்தில்கூட ஏதோ கேட்பது போல இருக்கும். அவன் ரயிலிலிருந்து குதித்தான், கண்டுபிடித்தான், மன்னித்தான், கல்யாணம் நடந்தது. கடைசி அத்தியாயத்துக்கு வந்த வாழ்த்துகளை நான் வாசித்து முடிக்கவில்லை. அன்று மாலையே அக்காவின் முன்னால் போய் நின்று, "அக்கா, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்" என்றேன்.

அக்கா சேலை மடித்துக்கொண்டிருந்தார். "கதையோ?" என்றார். "முதலாம் அத்தியாயத்திலயே கண்டனான். சீனிப் போத்தலை ஒளிக்கிறது உலகத்தில நான் ஒருத்திதானே. என்னை என்ன செய்யப்போறீர் எண்டு கடைசிவரைக்கும் பாத்துக்கொண்டிருந்தன்." சேலையைக் கட்டிலில் வைத்தார். "எல்லாத்தையும் எழுதினீர். ஆறு பழத்தையும் நான் திண்டதை மட்டும் ஏன் விட்டனீர்?"

"யாருக்கும் பிடிக்காதுன்னு நினைச்சேன் அக்கா."

"ஓம்," என்றார். "எனக்கும் அப்பிடித்தான் பயம். அதாலதான் அண்டைக்கு அங்கால மேடையில நிண்டனான்."

அப்போதுதான் போனை நீட்டினேன். அவர் அந்தச் செய்தியை வாசித்தார். அதற்குக் கீழே என் பதிலையும் வாசித்தார். "எப்ப வந்தது?" என்று கேட்டார். மூன்று கிழமை என்றேன். போனைத் திருப்பித் தந்து, "எழுதுங்கோ," என்றார். "அவ வந்தவ. அங்கால மேடையில நிண்டவ. பழம் ஆறையும் அவதான் எடுத்தவ. அப்பிடியே எழுதுங்கோ."

அதுவரை என்னை நெருக்கமாக நீர், உம்மட என்று அழைத்தவர். அந்த நிமிடத்திலிருந்து நான் 'நீங்கள்' ஆனேன்.

மறுநாள் பகல் பதில் வந்தது. அண்ணா இறந்து பன்னிரண்டு நாள். கற்பனைக் கதையாம் என்று சொன்னபோது அவர் சிரித்தாராம். அதற்குப் பிறகு அந்தக் கதையை வாசிக்கச் சொல்லவில்லையாம். நான் கணக்குப் பார்த்தேன். இப்போதும் பார்க்கிறேன். என் கையில் பத்து நாள் இருந்திருக்கிறது.

அக்கா அழுததை நான் காணவில்லை. குளியலறைத் தண்ணீர்ச் சத்தம் மட்டும் வழக்கத்தைவிட நேரம் கேட்டது. அதற்குப் பிறகு அவர் கந்தோருக்குப் போனார், வந்தார், சமைத்தார், எனக்கும் ஒரு தட்டில் வைத்தார். பேசவில்லை. "ரெண்டு பேரும் என்ன மகள், கோவமா?" என்று வீட்டுக்கார உம்மா படிக்கட்டில் நின்று கேட்டார். இல்லை என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

முப்பத்தோராம் நாள் கிரியைக்கு முதல்நாள் காலையில் அக்கா பையோடு புறப்பட்டார். வாசகியிடம் தானே பேசி விலாசம் வாங்கியிருந்தார். "நானும் வரட்டா?" என்று கேட்டேன். "நீங்கள் வரவேண்டாம்" என்றார். ஜன்னலில் நின்று பார்த்தேன். பஸ் தரிப்பிடத்தில் யாரோ உட்கார இடம் கேட்க, நகர்ந்து கொடுத்து, பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

அங்கே நடந்ததை அந்த வாசகிதான் பிறகு எனக்கு எழுதினார். வாசலில் கனத்த உடம்போடு, வியர்த்து, ஒரு பெண் வந்து நின்றார். தான் யார் என்று சொன்னார். அண்ணாவின் போனில் கடைசிவரை இருந்த படத்தை வாசகி எடுத்துக்காட்ட, "அது என்ர தங்கச்சி. கதைச்சது நான்" என்று வீட்டில் கூடியிருந்த எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். உறவுக்காரர் ஒருவர் கோபத்தில் எழும்பினார். அதற்குள் உள்ளேயிருந்து தாய் வந்தார். கண் பார்வை மங்கியவர். வந்தவரின் முகத்தை அவரால் பார்த்திருக்க முடியாது. "இந்தக் குரலை எனக்குத் தெரியும்," என்றார். "அவன் காலமை சேட்டு அயன் பண்ணேக்க ஸ்பீக்கரில போட்டுட்டுத்தானே கதைக்கிறவன். ரெண்டு வருசம் நான் குசினிக்குள்ள அடுப்படியில நிண்டு கேட்டனான்."

அக்கா தாயின் கையைப் பிடித்துக்கொண்டு, மாம்பழம் ஆறையும் தான் எடுத்ததாகவும், ஒருவருக்கும் கொடுக்காமல் தானே தின்றதாகவும் சொன்னார்.

"எங்கட மரத்துப் பழம். நான்தான் ஆய்ஞ்சு குடுத்து விட்டனான்," என்றார் தாய். "புளிச்சதோ பிள்ளை?"

"ஒண்டு மட்டும் புளிச்சது அம்மா."

அங்கிருந்தவர்களில் பாதிப்பேர் அழ, பாதிப்பேர் சிரித்துவிட்டார்கள் என்று வாசகி எழுதியிருந்தார். என் கதையில் இப்படி ஒரு வரி இல்லை. எனக்கு எழுத வந்திருக்காது. என் நாயகி "தேன் மாதிரி இருந்தது" என்றுதான் சொல்லியிருப்பாள்.

இரண்டு நாள் கழித்து அக்கா திரும்பி வந்தார். அடுத்த வாரம் வவுனியாவுக்கு இடமாற்றம் கேட்டு விண்ணப்பம் போட்டார். ஐந்து மாதத்தில் கிடைத்தது. போகும் நாளில் என் தேயிலைத்தூள் டின்னை மேசை நடுவில் வைத்து, "இதில பாதி நான் எடுத்தது" என்றார். நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் முச்சக்கரவண்டி வந்துவிட்டது.

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. அந்த அறையை விட்டு நான் பேராதனைக்கு வந்துவிட்டேன். இங்கே படுத்தால் ரயில்கள் சந்தியில் வேகம் குறைத்துப் பிரியும் சத்தம் கேட்கும். இரண்டாவது ரயிலுக்கு மட்டும் எனக்கு விழிப்பு வரும். கதைகள் எழுதுகிறேன். நாயகிகளுக்குக் குறைகள் வைக்கிறேன். வாசகிகள் தங்களைப் போலவே இருக்கிறாள் என்கிறார்கள். ஒவ்வொரு குறையையும் எழுதும்போது, இது வாசகிகள் மன்னிப்பார்கள் என்று தெரிந்துகொண்டு வைக்கிற குறையா என்று யாரோ முதுகுக்குப் பின்னால் நின்று கேட்கிறார்கள். பெரும்பாலும் ஆம் என்றுதான் பதில். யாராவது ஒரு வாசகி தனிச் செய்தி அனுப்பினால், அதைத் திறக்க முந்தி எழும்பி ஒரு சுற்று நடக்க வேண்டியிருக்கிறது.

அக்கா என்னோடு பேசுவதில்லை. அந்த வாசகிதான் எப்போதாவது எழுதுவார். அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் வீட்டுக்குப் போகிறாராம். சமையலில் குறை சொல்லுவாராம், தாயோடு சண்டையும் பிடிப்பாராம். தாய் குசினிக்குள் இருந்துகொண்டு, "முன்னால போய் இருந்து கதை பிள்ளை, நான் இஞ்ச நிண்டு கேக்கிறன்" என்பாராம். அக்கா முன்னறையில் தனியே ஒரு கதிரையில் இருந்து, எதிரே ஒருவரும் இல்லாமல், கந்தோரில் நடந்ததையெல்லாம் சத்தமாகப் பேசுவாராம்.

போன மாதம் வாசகியிடமிருந்து ஒரு செய்தி வந்தது. எழும்பி நடந்துவிட்டு வந்து திறந்தேன். "அக்கா உங்களிட்டச் சொல்லச் சொன்னவ. விரும்பினால் இதை எழுதட்டாம். பல்லையும் எழுதட்டாம். ஆனால் அவர் திரும்பி வந்தவர் எண்டு மட்டும் இனி எழுத வேண்டாமாம்."

அவர் திரும்பி வரவில்லை.